தோலுக்காக முயல்: எந்த இனம், ஆணா பெண்ணா?

கம்பிச் சட்டத்தில் மாட்டி நிழலில் காயப்போட்ட இரண்டு தோல்கள். இரண்டும் ஒரே ஈற்றில் பிறந்த, சிஞ்சில்லா என்ற இன முயல் குட்டிகளுடையவை. ஒன்று ஆண், ஒன்று பெண். ஒரே தீவனம் தின்றவை, ஒரே நாளில் உரித்தவை. சதைப்பக்கம் வெளியே இருந்ததால் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. பெண்ணின் தோல் முழுக்கப் பாலாடை நிறம். ஆணின் தோலில் முதுகின் இருபுறமும் மை கொட்டியது போல நீலக்கறுப்புத் திட்டுகள். அப்போது நான் தொழிலுக்குப் புதிது. ஆண் தோல் என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டேன். அடுத்த ஈற்றில் திட்டு பெண்ணுக்கு வந்தது, ஆணின் தோல் சுத்தமாக இருந்தது. என் கண்டுபிடிப்பு அத்தோடு முடிந்தது.

அந்தத் திட்டுக்கு ஆண், பெண் என்ற பேதம் கிடையாது. நிற முயலின் முடி வளரும்போது வேர்க்குழியில் நிறமி தயாராகிக்கொண்டிருக்கும். அந்த நிறமிதான் சதைப்பக்கம் நீலமாகத் தெரிகிறது. முடி வளர்ந்து முடிந்ததும் நிறமி முழுக்க முடிக்குள் போய்விடும், தோல் வெளுத்துவிடும். ஆக, நான் உரித்த நாளில் ஒரு குட்டி முடி மாற்றிக்கொண்டிருந்தது, மற்றது மாற்றி முடித்திருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

தோலுக்காக முயல் வளர்க்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி இரண்டு. எந்த இனம் வாங்குவது? ஆணை வைத்துக்கொள்வதா, பெண்ணையா? என் அனுபவத்தில் இவை இரண்டும் சம எடை உள்ள கேள்விகள் இல்லை. கிடைக்கப்போவது என்ன மாதிரி ரோமம் என்பது இனத்தோடு முடிவாகிவிடுகிறது. ஆணா பெண்ணா என்பது, அந்த ரோமம் முதிரும்வரை முயலை எந்தச் சேதமும் இல்லாமல் வைத்திருக்க முடியுமா என்கிற இடத்தில்தான் நுழைகிறது. இரண்டுக்கும் நடுவில் வயது என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு இனத்தையும் பாலினத்தையும் ஒப்பிட்டால், நான் அந்த இரண்டு தோல்களைப் பார்த்து ஏமாந்தது போலத்தான் ஏமாற வேண்டியிருக்கும். அதனால் முதலில் முடி எப்படி வளர்கிறது என்று பார்த்துவிடலாம்.

முடி எப்போது தயாராகிறது

முயல் குட்டி முடியில்லாமல் பிறக்கிறது. 3, 4 நாளில் மெல்லிய பூனைமுடி போல ஒன்று தெரியும். 4, 5 வாரத்தில் பொசுபொசுவென்று ஒரு குட்டிப் போர்வை வந்துவிடும். பார்க்க அழகு, தொட்டால் பஞ்சு. தோலாகப் பார்த்தால் அதற்கு மதிப்பே இல்லை. கொஞ்ச நாளில் அது உதிரத் தொடங்கி அடுத்த போர்வை வரும். அதுவும் நிலைக்காது. ஏறக்குறைய 5 முதல் 6 மாதத்தில்தான் பெரிய முயலின் ரோமம் முழுதாக அமைகிறது. அதற்குப் பிறகு பருவத்துக்குப் பருவம் மாறும்: பகல் குறுகும்போது அடர்ந்த குளிர்காலப் போர்வை, பகல் நீளும்போது மெல்லிய கோடைப் போர்வை. இதை நடத்துவது குளிரைவிடப் பகலின் நீளம்தான். இருட்டில் சுரக்கும் மெலடோனின் உடலுக்குப் பருவத்தைச் சொல்லிக்கொடுக்கிறது.

ஒரு முடியை மட்டும் எடுத்துக்கொண்டால், சாதாரண முயலில் அது சுமார் 5 வாரம் வளரும், பிறகு நின்றுவிடும். நின்ற முடி வேரில் இறுகி அப்படியே இருக்கும். அடுத்த முடி கீழிருந்து கிளம்பும்போதுதான் பழையது தளர்ந்து விழும். தோலுக்கு நல்ல நேரம் எது என்றால், உடம்பு முழுவதும் முடி வளர்ந்து நின்று, அடுத்தது கிளம்பாமல் இருக்கும் அந்த இடைவெளி. குட்டிப் பருவத்தில் இந்த இடைவெளி மிகக் குறுகியது. உடம்பின் ஒரு பக்கம் முடிந்திருக்கும், மறு பக்கம் அப்போதுதான் தொடங்கியிருக்கும். வளர்ந்த முயலின் குளிர்காலப் போர்வைதான் அதிக நாள் தாங்கும்.

இதனால் ஒரு சங்கடம். இறைச்சிக்கு வளர்ப்பவர்கள் 11, 12 வாரத்தில் முயலை வெட்டிவிடுகிறார்கள். அதற்குமேல் தின்கிற தீவனத்துக்கு ஏற்ற எடை ஏறுவதில்லை என்பதால் அவர்கள் கணக்குக்கு அது சரி. ஆனால் தோலுக்கு அதைவிட மோசமான வயது கிடையாது; பெரும்பாலான குட்டிகள் ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் நடுவில் நிற்கும். அந்த வயதில் எந்த இனமாக இருந்தாலும், ஆணோ பெண்ணோ, தோல் பெரும்பாலும் தொப்பிக்கான ஃபெல்ட்டுக்கும் (முடியை அழுத்திச் செய்யும் துணி) பசைக்கும்தான் போகும்.

இனங்கள்: யாரிடம் என்ன கிடைக்கும்

முயல் ரோமத்தில் அடியில் இருப்பது மெல்லிய, நெருக்கமான அடிமுடி. அதற்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்பது தடித்த, பளபளப்பான மேல்முடி. மேல்முடி மழையையும் உராய்வையும் தாங்கும், அடிமுடி சூட்டைப் பிடித்துவைக்கும். ஒரு இனத்தின் தோல் இன்னொன்றிலிருந்து வேறுபடுவது இந்த இரண்டின் நீளத்திலும் விகிதத்திலும்தான். நிறமும் அளவும் அதற்கு அப்புறம்.

நியூசிலாந்து வெள்ளையில் தொடங்கலாம், ஏனென்றால் பண்ணைகளில் பெரும்பாலும் இருப்பது அதுதான். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அமெரிக்காவில் உருவான இனம். ஆண் 4.1 முதல் 5 கிலோ, பெண் 4.5 முதல் 5.4 கிலோ வரை வரும். வேகமாக வளரும், ரோமமும் ஓரளவு அடர்த்தி. வெள்ளையாக இருப்பது அதன் பெரிய பலம்: எந்தச் சாயத்தையும் ஏற்றுக்கொள்ளும், ஃபெல்ட் செய்பவர்களும் வெள்ளை முடியைத்தான் விரும்புவார்கள். குறை என்றால், மேல்முடி நீண்டு தனியாகத் தெரியும். பதனிட்ட பிறகு உதிரவும் செய்யும். அதனால் மேல்முடியை வெட்டிச் சமப்படுத்தித்தான் நல்ல உடுப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். இன்னொன்று, வெள்ளை முயலில் நீலத்திட்டு வராது. முடி மாற்றுகிறதா இல்லையா என்பதைத் தோலின் நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது, ரோமத்தைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். திட்டு தெரியாததால் குறையே இல்லை என்று நினைத்து வாங்கி, பதனிட்ட பிறகு கொத்துக் கொத்தாக உதிர்வதைப் பார்த்தவர்கள் உண்டு.

கலிபோர்னியன் இதன் ஒன்றுவிட்ட தம்பி. உடம்பு வெள்ளை; மூக்கு, காது, பாதம், வால் மட்டும் கறுப்பு. அந்தக் கறுப்பு குளிரில் வருவது. உடம்பின் சூடான பகுதியில் நிறமி உருவாவதில்லை, குளிர்ந்த நுனிகளில் உருவாகிறது. முதுகில் ஓரிடத்தில் முடி பிய்ந்து, குளிர்காலத்தில் அது திரும்ப முளைத்தால் அங்கே கறுப்பாக வரலாம். வெள்ளைத் தோலில் ஒரு புகைக்கறை மாதிரி நிற்கும். சண்டையில் பிய்ந்த இடத்துக்கும் இது பொருந்தும். பாலினம் பற்றிப் பேசும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிஞ்சில்லா 1913-ல் பிரான்ஸில் காட்சிக்கு வந்தது, ஆரம்பத்திலிருந்தே ரோமத்துக்காகவே உருவாக்கிய இனம். முடியை ஊதிப் பார்த்தால் அடியில் சாம்பல் நீலம், மேலே வெளிர் வளையம், நுனியில் கறுப்பு. சாயம் போடாமலே விற்கலாம் என்பது இதன் வசதி. பழைய சிஞ்சில்லா சிறியது, 2.3 முதல் 3.4 கிலோதான். சோவியத் சிஞ்சில்லா என்று பண்ணைகளில் புழங்குவது அதைவிடப் பெரிய உடம்பு, இறைச்சி, தோல் இரண்டுக்கும் ஆகும். வளையங்கள் ஒரே வரிசையில் வர வேண்டும் என்பதால் முடி மாற்றம் பாதியில் இருக்கும் சிஞ்சில்லாத் தோல், வெள்ளையைவிட அசிங்கமாகத் தெரியும். ஆனால் நீலத்திட்டு உங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். கற்றுக்கொள்ள நினைப்பவருக்கு இதைவிட நேர்மையான முயல் கிடையாது.

பெரிய இனங்களைப் பற்றி ஒரு மயக்கம் உண்டு. பிளெமிஷ் ஜெயண்ட் ஆண் 5.9 கிலோவுக்குக் குறையாது, பெண் 6.3 கிலோவைத் தாண்டும். தோல் அகலமாகத்தான் வரும். ஆனால் எடை கூடும் அதே வேகத்தில் பரப்பு கூடாது. 4 கிலோ முயலைவிட 6 கிலோ முயல் எடையில் ஒன்றரை மடங்கு, தோல் பரப்பிலோ ஏறக்குறைய 1.3 மடங்குதான் வரும். அதற்குள் அது தின்கிற தீவனத்தைக் கணக்கிடுங்கள். போதாக்குறைக்கு இந்த இனம் மெதுவாக முதிரும். முழு ரோமத்துக்கு நடுத்தர இனத்தைவிட மாதக்கணக்கில் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். அகலத்தைப் பார்த்து இதை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

சாட்டினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1934-ல் அமெரிக்காவின் இந்தியானாவில் ஹவானா முயல் ஈற்றில் திடீரென்று தோன்றிய மாற்றம். முடித்தண்டு மெலிந்து, வெளிப்புறம் கண்ணாடிபோல் ஒளியை விடுவதால் பட்டுப்போல மின்னும். நிறம் அதில் ஆழமாகத் தெரியும். நல்ல அடர்த்தியுள்ள வம்சம் கிடைத்தால் அருமை, கிடைக்காவிட்டால் மின்னும் மெல்லிய தோல்தான் மிச்சம்.

இனி ரெக்ஸ். தோல் என்று வந்தால் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். 1919-ல் பிரான்ஸில் ஒரு விவசாயியின் முயல் ஈற்றில் முடி குட்டையான, பார்க்கச் சகிக்காத குட்டி ஒன்று பிறந்தது. அந்த ஊர்ப் பாதிரியார் ஒருவர் அதைக் கழித்துவிடாமல் வளர்த்து, அந்தக் குணத்தை நிலைநிறுத்தினார். 1924-ல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இதில் மேல்முடி இருக்கிறது, ஆனால் அடிமுடியின் உயரத்துக்கே குறைந்துவிட்டது. எல்லா முடியும் சுமார் 1.6 சென்டிமீட்டரில் சமமாக, நிமிர்ந்து நிற்கும். கையை வாலிலிருந்து தலைப்பக்கம் தடவிப் பாருங்கள். சாதாரண முயலின் ரோமம் கலைந்து பின்னால் சாயும். ரெக்ஸ் ரோமம் விரலுக்கு எதிராக நிற்கும், விட்டதும் அப்படியே இருக்கும். வெல்வெட் துணியைத் தடவுவது போலத்தான். மீசை முடிகூடச் சுருண்டு குட்டையாக இருக்கும். குட்டியாக இருக்கும்போதே ரெக்ஸை அடையாளம் காண அது போதும்.

மேல்முடியை வெட்ட வேண்டியதில்லை, பதனிட்ட பிறகு உதிர்வதும் குறைவு. விலையில் வித்தியாசம் வருவது இங்கேதான். பிரான்ஸின் இன்ரா ஆய்வு நிறுவனம் இதே ரெக்ஸிலிருந்து தேர்ந்தெடுத்து ஒரிலாக் என்ற வம்சத்தை உருவாக்கியதும் இந்த ரோமத்துக்காகத்தான். அதைச் சுமார் 5 மாதம் வளர்த்துத்தான் வெட்டுகிறார்கள். இனம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வயதை ஏமாற்ற முடியாது என்பதற்கு இதுவே சாட்சி.

ரெக்ஸுக்குக் கஷ்டமும் உண்டு. பாதத்தில் முடி மெலிதாக, குட்டையாக இருப்பதால் கம்பித் தரையில் குதிகால் புண்ணாகிவிடும். சாதாரண முயல் கவலையில்லாமல் நிற்கும் கம்பி வலையில் ரெக்ஸ் கால் மாற்றி மாற்றி நிற்பதைப் பார்த்தால் புரியும். உட்கார ஒரு பலகையாவது போட்டே ஆக வேண்டும். 3.4 முதல் 4.8 கிலோ உடம்பு, நியூசிலாந்தின் வேகத்தில் எடை ஏறாது. கலப்பிலும் கவனம் தேவை. ரெக்ஸ் குணம் ஒடுங்கு குணம், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ரெக்ஸையும் நியூசிலாந்தையும் சேர்த்தால் முதல் தலைமுறைக் குட்டிகள் எல்லாம் சாதாரண முடியோடுதான் பிறக்கும். அவற்றை ஒன்றோடொன்று சேர்த்தால் நான்கில் ஒன்று ரெக்ஸ். வேகமும் வெல்வெட்டும் ஒன்றாகக் கிடைக்கும் என்று கலந்துவிட்டு, முதல் ஈற்றைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று விற்றவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவர்மேல் தப்பில்லை. பிரான்ஸில் தோன்றிய ரெக்ஸையும் ஜெர்மனியில் தனியாகத் தோன்றிய ரெக்ஸையும் சேர்த்தால்கூடச் சாதாரண முடிதான் வரும். பார்க்க ஒன்றானாலும் இரண்டும் வேறு வேறு மரபணுவில் நடந்த மாற்றங்கள்.

அங்கோராவை இந்த வரிசையில் வைக்கக் கூடாது, அது தோலுக்கான முயல் இல்லை. அதன் முடி 5 வாரத்துக்குப் பதில் சுமார் 14 வாரம் வளர்ந்துகொண்டே போகும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கத்தரித்தோ பறித்தோ எடுப்பார்கள். ஆனாலும் பாலினத்தைப் பற்றித் தெளிவாகப் பேசுவது இந்த முயல்தான் என்பதால் மறுபடி இதனிடம் வருவேன்.

ஆணா, பெண்ணா

முதலில், எங்கே வித்தியாசம் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். பால் மறந்ததிலிருந்து 11, 12 வாரம்வரை ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் வளர்கின்றன. ரோமமும் அப்படியே. அந்த வயதில் வெட்டும் பண்ணையில் தோலுக்காகப் பாலினம் பிரிப்பது வீண் வேலை. ஒரே ஈற்றில் இரண்டு ஆண்களுக்கு நடுவே தெரியும் வித்தியாசம், ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே தெரிவதைவிடப் பெரிதாக இருக்கும்.

அதற்குமேல் வைத்திருந்தால்தான் கதை மாறும்.

உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முயலில் பெண்தான் பெரியது. கோழி, ஆடு பார்த்த கண்ணுக்கு இது வினோதமாகத் தெரியும். நியூசிலாந்தில் வளர்ந்த பெண் ஆணைவிட அரைக் கிலோ வரை கூட இருக்கும். ஆனால் 4.5 கிலோவுக்கும் 5 கிலோவுக்கும் தோல் பரப்பில் வரும் வித்தியாசம் சுமார் 7 சதவீதம்தான். அதுவும் முழு வளர்ச்சிக்குப் பிறகு. 5 மாதத்தில் உரிக்கும் தோலில் இது பெரிதாகக் கண்ணில் படாது. பெண்ணுக்குத் தொண்டைக்குக் கீழே தொங்கும் தோல் மடிப்பு வயதோடு வரும். அதையும் பரப்பில் சேர்த்துப் பார்த்து மகிழ்பவர்கள் இருக்கிறார்கள். தைப்பவர் அந்த இடத்தை வெட்டிப் போட்டுவிடுவார்.

தோலின் தடிமனில் வித்தியாசம் நிஜம். பருவத்துக்கு வந்த ஆணின் தோல் தடித்துக்கொண்டே போகும், அதுவும் கழுத்து, தோள் பகுதியில். சண்டையில் கடி விழும் இடம் அதுதானே, இயற்கை அங்கே கவசம் போட்டிருக்கிறது. வயதான ஆணின் தோலைக் கையில் எடுத்து மடித்துப் பார்த்தால் பின்பகுதி துணி மாதிரி மடியும், கழுத்துப் பகுதி அட்டை மாதிரி முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒரே தோலில் இரண்டு தடிமன் இருந்தால் பதனிடும்போது ஒரு பக்கம் வெந்தும் ஒரு பக்கம் வேகாமலும் போன சாதம் கதைதான். காலணிக்குள் வைக்க, பை தைக்க அந்தத் தடிமன் பலமாகலாம். மென்மையான உடுப்புக்குப் பெண் தோலோ இளம் ஆண் தோலோதான் சரி.

அடுத்து சண்டை. இதை நான் செலவழித்துக் கற்றேன். ஆண் குட்டிகள் சுமார் 3 மாதத்திலிருந்தே ஒன்றையொன்று துரத்தத் தொடங்கும். முதலில் மேலே ஏறுவது, பிறகு பின்பக்கத்தைக் கடிப்பது. ஒரு முறை ஒரே கூண்டில் இருந்த ஐந்து ஆண்களைப் பிரிக்க ஒரு வாரம் தாமதித்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை, ரோமம் எல்லாவற்றையும் மூடியிருந்தது. இரண்டு மாதம் கழித்து உரித்துத் திருப்பியபோது இடுப்புப் பகுதியில் சின்னச் சின்னத் தழும்புகள், அரிசி மணி அளவில். ஒவ்வொரு தழும்பும் தோலின் மறுபக்கத்தில் ஒரு சொட்டையாக நின்றது. தோலில் விலை போவது முதுகும் இடுப்பும்தான். ஐந்து தோலும் இரண்டாம் தரத்துக்கு இறங்கின. இனத்தில் எவ்வளவு செலவழித்திருந்தாலும் இதற்கு மருந்தில்லை.

போதாததற்கு, பருவத்துக்கு வந்த ஆண் சிறுநீரைப் பீய்ச்சும். பக்கத்துக் கூண்டு வரை தெறிக்கும். வெள்ளை ரோமத்தில் அந்த மஞ்சள் கறை போகாது. வெள்ளை இனம் வளர்ப்பவர் ஆண் கூண்டுகளுக்கு நடுவே ஒரு தகடாவது வைக்க வேண்டும்.

அப்படியானால் பெண்ணையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பெண்கள் ஒன்றாகக் கிடந்தாலும் ஆண்கள் அளவுக்குக் கிழித்துக்கொள்வதில்லை. இடமும் கூண்டும் மிச்சம். ஆனால் பெண்ணிடம் வேறு ஆபத்து. குட்டி ஈனுவதற்கு முன் மார்பு, வயிறு, சில சமயம் விலா முடியையும் பிய்த்துக் கூடு கட்டும். சினைக் காலத்தின் கடைசியில் ஹார்மோன் மாற்றத்தால் அந்த முடி தானே தளர்ந்துவிடும், வலிப்பதில்லை. சேர்க்காத பெண்ணும் இதைச் செய்யும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதே போதும், முட்டை வெளிப்பட்டுப் பொய்ச்சினை பிடித்துவிடும். 16 முதல் 18 நாள் கழித்து வாயில் முடியைக் கவ்விக்கொண்டு மூலை தேடும். பிய்ந்த இடம் மறுபடி நிரம்பக் குறைந்தது 5 வாரம் ஆகும். 5 மாதம் காத்திருந்து, உரிப்பதற்கு முதல் வாரம் இப்படி நடந்தால் என்ன சொல்வது? ஆறுதல் ஒன்று: பிய்ப்பது பெரும்பாலும் வயிற்றுப் பக்கம், முதுகு தப்பிவிடும். ஆணின் தழும்பு முதுகிலும் இடுப்பிலும் விழுகிறது. இரண்டு சேதங்களில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் பெண்ணின் சேதத்தையே எடுத்துக்கொள்வேன்.

ஈன்று பழகிய தாய் முயலின் தோல் தனிக் கணக்கு. பால் உச்சத்தில் இருக்கும் மூன்றாவது வாரத்தில் அது ஒரு நாளைக்கு 200 கிராமுக்கும் மேல் பால் கொடுக்கும். முடியும் புரதம், பாலும் புரதம்; உடம்பு பாலைத்தான் முதலில் பார்க்கும். குட்டிகளைப் பிரித்த கையோடு கழிவு முயலென்று வெட்டினால் மெலிந்த, மங்கிய, வயிற்றில் சொட்டை விழுந்த தோல்தான் கிடைக்கும். இரண்டு மாதம் சும்மா விட்டு, குளிர்காலப் போர்வை வந்த பிறகு எடுத்தால் அதே முயல் பண்ணையின் அகலமான, நல்ல தோலைக் கொடுக்கும்.

அங்கோராவுக்கு வருகிறேன் என்றேன் அல்லவா. அங்கே ஆணின் முடி விளைச்சல் பெண்ணைவிடச் சுமார் 15 முதல் 20 சதவீதம் குறைவு. நல்ல ஜெர்மன் அங்கோராப் பெண் ஆண்டுக்கு ஒரு கிலோவைத் தாண்டும். அதனால் அங்கோராப் பண்ணையில் இனவிருத்திக்கு வேண்டிய சில ஆண்களைத் தவிர மற்றவை எல்லாம் பெண்ணாகவே இருக்கும். ஆண்டுக்கணக்கில் முடி எடுக்கும் தொழிலில் அந்த வித்தியாசம் ஒவ்வோர் அறுவடையிலும் சேர்ந்துகொண்டே போகும். ஒரே ஒரு முறை உரிக்கும் தோலுக்கு அந்தக் கணக்கை அப்படியே கொண்டுவருவது தப்பு. அங்கோரா வளர்ப்பவர் சொன்ன ‘பெண்தான் லாபம்’ என்ற வார்த்தையைக் கேட்டு ரெக்ஸ் ஆண் குட்டிகளை எல்லாம் சின்னதிலேயே கழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல முதுகுத் தோல்கள் வீணாயின.

காயடித்து விடலாமா என்று சிலர் கேட்பார்கள். காயடித்த ஆண் சண்டை போடாது, பீய்ச்சாது, கூட்டமாக வைக்கலாம். ஆனால் 5 மாதத்தில் முடியப்போகும் முயலுக்கு அந்த வேதனையும் செலவும் புண் ஆறும் நாட்களும் எதற்கு? மூன்று மாதத்தில் தனிக் கூண்டு போடுவது எளிது.

எதைத் தேர்ந்தெடுப்பது

இறைச்சிதான் முதல் வருமானம், தோல் மேல்வரும்படி என்றால் நியூசிலாந்தையோ கலிபோர்னியனையோ விட்டு மாற வேண்டாம். 12 வாரத்தில் வெட்டுங்கள், ஆண், பெண் பிரிக்காதீர்கள், அந்தத் தோல்களிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். கழியும் தாய்களை மட்டும் குளிர்காலத்துக்கு ஒதுக்கிவைத்தால் வருடத்துக்குக் கொஞ்சம் நல்ல தோலும் கிடைக்கும்.

தோலே முக்கியம் என்றால் ரெக்ஸ், சந்தேகமில்லை. ஆனால் முடிவெடுக்கும் முன் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். 12 வாரத்திலிருந்து 22 வாரம்வரை 70 நாள். ஒரு முயல் நாளைக்கு 130 கிராம் தின்றால்கூட 9 கிலோ அடர்தீவனம் கூடுதலாகப் போகும். ஆண்களுக்குத் தலைக்கு ஒரு கூண்டு. ரெக்ஸ் தோலுக்கும் சாதாரணத் தோலுக்கும் உங்களுக்குக் கிடைக்கும் விலை வித்தியாசம் அந்த 9 கிலோவையும் கூண்டையும் தாண்டினால் இறங்கலாம். தாண்டாவிட்டால் வெல்வெட்டைத் தடவிப் பார்த்ததோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கூண்டு போதவில்லை என்றால் ஆண்களைச் சீக்கிரம் இறைச்சிக்கு அனுப்பிவிட்டுப் பெண்களை மட்டும் தோலுக்கு வைத்திருக்கலாம். கூண்டு இருந்தால் ஆணை ஒதுக்க எந்தக் காரணமும் இல்லை. 5 மாதத்தில், பருவத்தின் தடிமன் முழுதாக ஏறுவதற்கு முன், தனியாக வளர்ந்த ஆணின் தோல் பெண் தோலுக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

இறைச்சி, தோல் இரண்டும் கொஞ்சம் வேண்டும், சாயம் போடும் வசதி இல்லை என்றால் சிஞ்சில்லா. இனவிருத்திக்கு வாங்கும்போது பெண்ணைவிட ஆணின் ரோமத்தை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள். ஒரு ஆண் பத்துப் பெண்ணுக்குத் தகப்பனாகும். அதன் ரோமம் மெலிதானால் பண்ணை முழுக்க மெலியும். பாலினம் எனக்கு உண்மையிலேயே பெரிதாகத் தெரிவது இந்த ஒரு இடத்தில்தான்.

தீவனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முடி என்பது கெராட்டின் என்ற புரதம், கெராட்டினுக்குக் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் வேண்டும். மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்த்து இறைச்சி முயலுக்குத் தீவனத்தில் 0.6 சதவீதம் போதும் என்பார்கள், அங்கோராவுக்கு 0.8 கேட்பார்கள். தோலுக்காகப் பிடித்துவைக்கும் அந்தப் பத்து வாரத்தில், விலை குறைந்த தீவனத்துக்கு மாறி மிச்சம் பிடிக்க நினைத்தால் அதை ரோமத்தில்தான் கழிப்பீர்கள். நார் குறைந்தால் ஒன்றின் முடியை ஒன்று மென்று தின்னவும் தொடங்கும்.

உரிப்பதற்கு முதல் நாள் முயலை மடியில் வைத்து, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி, ரோமத்துக்குள் மெதுவாக ஊதிப் பாருங்கள். பூ விரிந்தது போல ரோமம் பிரிந்து நடுவில் தோல் ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளி சின்னதாக இருக்க இருக்க அடர்த்தி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். தோள், முதுகு, இடுப்பு, இரண்டு விலா என ஐந்து இடத்தில் பாருங்கள். தோல் வெளுத்திருந்து, கையால் வருடும்போது முடி உதிர்ந்து கையில் ஒட்டாவிட்டால் தயார். ஓரிடத்தில் குட்டை முடி முளைத்துக்கொண்டிருந்தாலோ, நிற முயலில் நீலம் தெரிந்தாலோ, ஆணோ பெண்ணோ, ரெக்ஸோ வேறெதுவோ, கூண்டில் திருப்பி விட்டுவிட்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ஊதிப் பாருங்கள்.